பட்டயம் ஓட்டுமா வண்டியை?

தம்பி! ஒருவருக்கு ஒரு வாக்கு, பட்டியலில் பெயர், விரலில் மை. இவை ஏதுமற்ற இடத்தில் “மக்கள் தீர்ப்பு” என்று முரசு கொட்டினால், களம் பல கண்ட உனக்குச் சிரிப்புத்தானே வரும்? இங்கிலாந்திலே வண்டி ஓட்டக் கற்றுத்தரும் பயிற்றுநர்களுக்கு அப்படியும் விருதுகள் உண்டு. நம் ஊர்ப் பயிற்சிப் பள்ளிகளின் மேசையிலும் கேடயங்கள் மின்னுகின்றன.

2007-இல் தொலைபேசியிலும் இணையத்திலும் திரட்டிய வாக்குகளால் தாஜ்மகால் புதிய ஏழு அதிசயங்களில் ஒன்றாயிற்று. தமக்கு அதில் தொடர்பில்லை என்று யுனெஸ்கோ கைகழுவிற்று. போகட்டும், தோற்றிருந்தாலும் சலவைக்கல் சரிந்திராது! சாலை அப்படியா? 2022-இல் மட்டும் தமிழ்நாட்டுச் சாலைகளிலே 17,884 உயிர்கள் போயின.

வாக்களிப்பவன் யார்? உரிமம் கைக்கு வந்த மகிழ்ச்சியில் இருக்கும் மாணவன். “இன்னும் பழகவில்லை, அடுத்த வாரமும் வா” என்று கண்டித்த ஆசான் அவனுக்குக் கசக்கிறான். “எட்டுப் போட்டால் போதும், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்” என்றவன் இனிக்கிறான். மாணவனின் நன்றியை நான் பழிக்கவில்லை; நள்ளிரவு மழையையும் எதிர்வரும் லாரியின் விளக்கொளியையும் சந்திக்குமுன்னரே அவன் மதிப்பெண் போட்டுவிடுகிறான் என்கிறேன். நாடகக்காரன் நான், முன்வரிசையில் உறவினரை அமர்த்திப் பெறும் கைதட்டலின் விலை எனக்குத் தெரியும்.

1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள், சொந்தக் கார் ஓட்டப் பழகுவோருக்குக் குறைந்தது 21 நாள் பயிற்சி, அதில் 10 மணி நேரம் வண்டியோட்டம் என்று வரையறுக்கின்றன. அந்தப் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தா கேடயம் கொடுக்கிறார்கள்? அதே இங்கிலாந்தில், அரசுத் தேர்வாளர் பாடம் நடக்கும் வண்டியிலேயே அமர்ந்து, 51 மதிப்பெண்ணுக்குப் பயிற்றுநரை எடைபோடுகிறார். 43 பெற்றால்தான் முதல் தரம். அங்கே புன்னகைக்கு மதிப்பெண் இல்லை.

சேத்தியாத்தோப்பை அடுத்த வளையமாதேவியை நீ மறந்திருக்கமாட்டாய். 2023 ஜூலையில், நெய்வேலிச் சுரங்கத்தின் கால்வாய்க்காக, நெற்பயிர் நின்ற வயலிலேயே மண்வாரி இயந்திரங்கள் இறங்கின. நிலம் போன வீட்டுப் பிள்ளைக்கு ஓட்டுநர் உரிமம் பொழுதுபோக்கா? நாளைய கூலி! கடன்பட்டுக் கட்டணம் செலுத்தும் அவனுக்குக் கேடயத்தைக் காட்டியா பள்ளியைத் தேர்ந்தெடுக்கச் சொல்வது?

ஒவ்வொரு பள்ளியிலும் முதல் தேர்விலேயே தேறியோர் எத்தனை பேர், உரிமம் பெற்ற பின் விபத்தில் சிக்கியோர் எத்தனை பேர் என்று வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் வாயிலில் எழுதி ஒட்டச் சொல்வோம். கிளைக் கழகங்கள் அடுத்த கூட்டத்திலேயே இதனைத் தீர்மானமாக்கி அனுப்பலாம்.