கருணையா, நீதியா? ஆளுநர் அல்ற்கெல்ட் பற்றிய ஒரு மறுப்பு

ஐக்கிய அமெரிக்காவின் இலினோய் மாநிலத்தில் 1893 முதல் 1897 வரை ஆளுநராக விளங்கிய ஜோன் பீற்றர் அல்ற்கெல்டை இரக்கமே உருவான மனிதராகச் சித்திரிப்போர் உளர். போற்றுதல் போலத் தோன்றும் இக்கூற்று, உண்மையில் அவர் செய்த காரியத்தின் கூர்மையை மழுங்கடிப்பதாகும்.

1886 மே 4ஆம் திகதி, எட்டு மணித்தியால வேலைநாட் கோரிக்கையால் கொந்தளித்திருந்த சிக்காகோ நகரின் ஹேமார்க்கற் சதுக்கத்தில், தொழிலாளர் கூட்டமொன்றைக் கலைக்க முனைந்த பொலிசார்மீது குண்டொன்று வீசப்பட்டது. வீசியவர் யாரென்பது இன்றுவரை நிறுவப்படவில்லை. ஆயினும் அராஜகவாதிகள் எண்மர் குற்றவாளிகளாகக் காணப்பட்டனர். 1887 நவம்பர் 11ஆம் திகதி நால்வர் தூக்கிலிடப்பட்டனர். ஒருவர் அதற்கு முதல்நாள் சிறையிலேயே தம்முயிரை மாய்த்துக்கொண்டார். பீல்டன், ஷ்வாப், நீபே ஆகிய மூவரே சிறையில் எஞ்சினர்.

அம்மூவரின் விடுதலையை வேண்டியோருட் பலர், அவர்கள் போதிய தண்டனை அனுபவித்துவிட்டனர் என்றே வாதிட்டனர். 1893 யூன் 26ஆம் திகதி அல்ற்கெல்ட் வெளியிட்ட மன்னிப்பாணை இவ்வாதத்தைத் தொடக்கத்திலேயே விலக்கிவிட்டது. நேர்மையான விசாரணை நடந்திருக்குமாயின் எத்தண்டனையும் மிகையாகாது, ஆளுநர் தலையிட இடமுமில்லை என்பது அவர் நிலைப்பாடு. பின்னர் அவர் அவ்விசாரணையையே விசாரித்தார். யூரிமார் வழக்கம்போற் சீட்டெடுத்துத் தெரிவுசெய்யப்படாது, விசேட அலுவலர் ஒருவராற் பொறுக்கியெடுக்கப்பட்டனர். முன்முடிவு கொண்டோரும் அவர்களுள் அமர்த்தப்பட்டனர். குண்டெறிந்தவர் எதிரிகளின் பேச்சினாலோ எழுத்தினாலோ தூண்டப்பட்டார் என்பதற்குச் சான்றில்லை. நீதிபதி கேரி பக்கஞ்சார்ந்து நடந்தார். இவையே அவர் காட்டிய காரணங்கள். முன்னாள் நீதிபதியொருவர் எழுதிய மறுதீர்ப்பாகவே அவ்வாணை அமைந்தது.

கருணை என்ற சொல்லின் அரசியல் இங்கேதான் வெளிப்படுகின்றது. கருணை பெற்றவன் குற்றவாளியாகவே எஞ்சுகிறான். கருணை காட்டிய அரசோ மேன்மையுறுகிறது. அல்ற்கெல்ட் அரசுக்கு அந்த வசதியை அளிக்கவில்லை. பிழை நீதிமன்றத்தினுடையதே என அவர் எழுதியதனால், தூக்கிலிடப்பட்ட நால்வரின் சாவும் மீண்டும் கேள்விக்குள்ளாயிற்று. பத்திரிகைகள் அவர்மீது பாய்ந்தமைக்கு இதுவே அடிப்படை. வெறும் இரக்கத்தோடு அவர் நின்றிருப்பின், அவற்றுட் சில அவரைப் பாராட்டியுமிருக்கக்கூடும்.

மறுபுறம், அவரைத் தொழிலாள வர்க்கப் புரட்சியாளராக்குவோரும் தவறிழைக்கின்றனர். அவர் நிலச்சொத்தினாற் செல்வம் ஈட்டியவர். வேலைநிறுத்தங்களின்போது மாநிலப் படையை அனுப்பியவர். 1894இல் புல்மன் வேலைநிறுத்தம் புகையிரதப் பாதைகளை முடக்கியபோது, மாநிலம் கேளாமலே ஜனாதிபதி கிளீவ்லண்ட் மத்திய அரசின் துருப்புக்களைச் சிக்காகோவுக்கு அனுப்பினார். அல்ற்கெல்ட் அதை எதிர்த்தது அரசியலமைப்பின் பெயராலேயே. அவர் காலத்தில், 1893இல், இயற்றப்பட்ட தொழிற்சாலைச் சட்டம் பெண்களின் வேலைநாளை எட்டு மணித்தியாலமாக வரையறுத்தது; 1895இல் மாநில உயர் நீதிமன்றம் அப்பிரிவைச் செல்லுபடியற்றதாக்கியது. சட்டத்தையே ஆயுதமாகக் கொண்டவரின் எல்லையையும் சட்டமே வரைந்தது.

எனினும் அவ்வெல்லைக்குள் அவர் கொடுத்த விலை சிறிதன்று. 1896இல் அவர் தேர்தலில் தோற்றார், 1902இல் மறைந்தார். அவரை வள்ளலென வணங்குவது எளிது. அவ்வாணை எழுப்பிய வினாவை எதிர்கொள்வதே கடினம்: அந்த எண்மரும் தண்டிக்கப்பட்டது செய்த செயலுக்காகவா, கொண்ட கருத்துக்காகவா? இரக்கம் பற்றிய புகழுரைகள் யாவும் இவ்வினாவைத் தவிர்ப்பதற்கான வழிகளே.