நாற்பது வருட டீக்கணக்கு

இது கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படியுங்கள். கணக்கு வாத்தியார் எழுதுவதால் எண்கள் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் கடலூரில் பழைய மாணவர்கள் கூடினார்கள். சாப்பாடு முடிந்து பேசிக்கொண்டிருந்தபோது ஒரு மாணவி பையிலிருந்து சின்ன டப்பா ஒன்றை எடுத்தாள். நீலகிரி வெள்ளைத் தேயிலையாம். ஐம்பது கிராம். விலை 1,200 ரூபாய். யாரோ வாங்கிப் பார்த்து விலையைச் சத்தமாகப் படித்தார்கள். நான் சும்மா இருந்திருக்கலாம். "ஏம்மா, இந்தக் காசுக்கு ஒரு சிப்பம் அரிசி வாங்கலாமே" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். ஆனால் டப்பாவை உள்ளே வைத்தவள் அதன் பிறகு அதைப் பற்றிப் பேசவேயில்லை.

சிதம்பரம் திரும்பும் பஸ்ஸில், ஆலப்பாக்கம் தாண்டியதும், அந்த முகம் ஞாபகத்துக்கு வந்தது. வகுப்பில் தப்பாக விடை சொன்ன பிள்ளையைக் கேலி செய்யக் கூடாது என்று முப்பத்து நான்கு வருடம் மற்ற ஆசிரியர்களுக்கு உபதேசம் செய்தவன் நான். அவள் தப்பான விடைகூடச் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து பேப்பரும் பேனாவும் எடுத்தேன். முதலில் என் கணக்கு.

1984-இல் வேலையில் சேர்ந்தேன். வீடு சிதம்பரத்தில், பள்ளி கடலூரில். காலையில் சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் ஒரு டீ, இடைவேளையில் மஞ்சக்குப்பத்தில் ஒரு டீ, சாயந்திரம் பஸ் ஏறுமுன் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு டீ. ஓய்வு பெற்ற பிறகு கடைகள் மாறின, எண்ணிக்கை மாறவில்லை. வருடத்துக்கு 300 நாள் என்று வைத்தால் 900 டீ. நாற்பது வருடத்துக்கு 36,000 டீ.

விலையைப் பத்துப் பத்து வருடமாகப் பிரித்தேன். என் ஞாபகத்தில் இருக்கும் விலையை வைத்து, முதல் பத்து வருடத்துக்குச் சராசரி 1 ரூபாய், அடுத்த பத்துக்கு 2, அதற்கடுத்து 5, கடைசிப் பத்துக்கு 10. அதாவது 9,000, 18,000, 45,000, 90,000. மொத்தம் 1,62,000 ரூபாய். வடை, பிஸ்கட், கூட இருந்தவர்களுக்கு வாங்கிக் கொடுத்தது எதுவும் இதில் சேரவில்லை. இத்தனை வருடத்தில் "இவ்வளவு டீ தேவையா" என்று என்னை ஒருவரும் கேட்டதில்லை. மூன்று மூன்று டீயாகப் போன பணத்துக்கு விலைச்சீட்டு கிடையாது, உரக்கப் படிக்கவும் முடியாது.

அடுத்து அவள் கணக்கு. அந்தப் பெண்ணுக்கே போன் போட்டுக் கேட்டேன். விடியற்காலை வீட்டில் யாரும் எழுவதற்கு முன் குடிப்பாளாம். ஒரு தடவைக்கு 2 கிராம் இலை. அதே இலையில் மூன்று முறை வெந்நீர் ஊற்றலாமாம். ஒவ்வொரு முறையும் வாசனை கொஞ்சம் மாறும் என்றாள். ஆக ஒரு டப்பா 25 நாள் வருகிறது, 75 கோப்பை. ஒரு கோப்பைக்கு 16 ரூபாய். இப்போது நான் குடிக்கிற கடையில் ஒரு டீ 15 ரூபாய். ஒரு நாளைக்கு அவளுக்கு 48 ரூபாய், எனக்கு 45 ரூபாய்.

மூன்று ரூபாய் வித்தியாசத்துக்கு நாற்பது பேர் நடுவில் அவளைச் சிரிக்க வைத்திருக்கிறேன்.

தேயிலைப் பிரியர்களைப் பற்றிப் பேச்சு வந்தால் உடனே ஏலச் செய்தியை எடுத்துப் போடுகிறோம். 2021 டிசம்பரில் குவாஹாத்தி ஏலத்தில் அசாமின் மனோகரி கோல்டு தேயிலை கிலோ 99,999 ரூபாய்க்குப் போனது உண்மைதான். அதையும் இரண்டு கிராமால் பெருக்கிப் பாருங்கள். அந்த ஏல விலையில் ஒரு தடவைக்குச் சுமார் 200 ரூபாய். நல்ல ஹோட்டலில் ஒருவர் சாப்பிடுகிற காசு. அதையும் தினமும் யாரும் குடிப்பதில்லை.

எல்லாவற்றையும் நியாயப்படுத்தவும் நான் வரவில்லை. "வேறு என்னம்மா வாங்கினாய்" என்று கேட்டதில், கண்ணாடிக் கெட்டில், சின்னக் கிண்ணங்கள், வெந்நீரின் சூடு பார்க்கிற கருவி என்று பட்டியல் நீண்டது. வீட்டில் பதினொரு டப்பா இருக்கிறதாம், நான்கு இன்னும் பிரிக்கவே இல்லையாம். அது டீச்செலவு இல்லை, டப்பாச்செலவு. தேயிலையை அடைத்து வைத்தால் நாளாக ஆக வாசனை போய்விடும். இருப்பதை முடித்துவிட்டு அடுத்ததை வாங்கு என்றேன். "சரிங்க சார்" என்றாள். பத்தாம் வகுப்பிலும் இப்படித்தான் சரி என்பாள்.

கணக்குப் போட உட்கார்ந்தவன் அதோடு நிற்கவில்லை. என் 15 ரூபாயில் தேயிலைக்கு என்ன போகிறது என்று பார்த்தேன். கடை டீக்கு டஸ்ட் சுமார் 3 கிராம். கிலோ 300 ரூபாய் என்றால் 90 பைசா. மீதியெல்லாம் பால், சர்க்கரை, கேஸ், வாடகை, ஆள்கூலி. கடைக்காரரைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை. அந்த 90 பைசாவில் இலை வளர்த்தவருக்கு எவ்வளவு? ஒரு கிலோ தூளுக்குச் சுமார் நாலரை கிலோ பச்சைத் தேயிலை வேண்டும். பச்சைத் தேயிலை கிலோ 20 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் தூள் கிலோவுக்கு 90 ரூபாய். என் மூன்று கிராமுக்கு 27 பைசா.

2023-இல் நீலகிரிச் சிறு விவசாயிகள் பச்சைத் தேயிலை கிலோவுக்குக் குறைந்தபட்சம் 33 ரூபாய் 50 பைசா வேண்டும் என்று உண்ணாவிரதம் இருந்தார்கள். அவர்கள் கேட்ட விலையை அப்படியே கொடுத்தால் என் டீயில் அவர்கள் பங்கு 45 பைசா ஆகும். கூடுவது 18 பைசா. எங்கள் கடையில் 12 ரூபாய் டீ 15 ஆனபோது இரண்டு நாள் முணுமுணுத்துவிட்டு மூன்றாம் நாள் வழக்கம்போல் போய் உட்கார்ந்தோம். 18 பைசாவுக்கு ஒரு மாவட்டமே பட்டினி கிடக்க வேண்டியிருக்கிறது.

இன்னொன்றும் ஞாபகம் வருகிறது. 2011 டிசம்பர் 30, தானே புயல். கடலூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கரண்ட் இல்லை, பால் வரவில்லை. மரம் விழுந்த தெருவில் ஒரு கடைக்காரர் விறகு மூட்டிப் பால் இல்லாத டீ போட்டுக் கொடுத்தார். அதைவிட நல்ல டீ குடித்ததில்லை என்று பல வருடம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அந்த மாணவி குடிப்பதும் பால் இல்லாத டீதான். அதைப் பார்த்துத்தான் சிரித்தேன்.

கடைசியாக, எழுதத் தயங்கிய பகுதி. என் கணக்கைச் சரிபார்க்க வீட்டம்மாவின் பழைய செலவு நோட்டுகளைக் கேட்டேன். பால், மளிகை, பிள்ளைகள் பஸ் பாஸ், மருந்து என்று பைசா சுத்தமாக எழுதியிருக்கிறார். மாதா மாதம் "டீத்தூள் 100 கிராம்" என்று ஒரு வரி, விருந்தாளி வந்த மாதத்தில் 200. என் கடை டீ எங்கேயும் இல்லை. ஏன் எழுதவில்லை என்று கேட்டேன். "அதை நான் எங்க பார்த்தேன்? சம்பளத்துல நீங்க எடுத்துக்கிட்டது போகத்தானே என் கைக்கு வரும்" என்றார்.

அந்த 100 கிராமில் எங்கள் எல்லோருக்கும் போட்ட பிறகு, அதே தூளில் இன்னொரு தரம் தண்ணீர் விட்டுக் கொதிக்க வைத்துக் குடித்தவர் அவர். மாணவி இலையை மூன்று தரம் பயன்படுத்துவதை நுட்பம் என்று நான் வியந்துகொண்டிருந்தபோது, பின்னாலிருந்து "நான் முப்பது வருஷமா செய்யறேன்" என்று குரல் வந்தது. நாற்பது வருடத்தில் அவர் சிதம்பரத்தில் ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்ததில்லை. நானும் அழைத்ததில்லை. வெளியே போனால் ஹோட்டல், இல்லாவிட்டால் வீடு. டீக்கடை ஆண்கள் இடம் என்று யாரும் போர்டு மாட்டவில்லை. அதற்கு அவசியமும் இருக்கவில்லை.

மாணவியிடம் மன்னிப்புக் கேட்டேன். "விடுங்க சார், நான் அப்பவே மறந்துட்டேன்" என்றாள். மறக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். மறு வாரம் கூரியரில் ஒரு சின்னப் பொட்டலம் வந்தது. சொன்னபடி 2 கிராம் போட்டு வீட்டம்மாவுக்கு நானே தயாரித்துக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு, "வெந்நீர் மாதிரி இருக்கு. இதுக்கா இவ்வளவு விலை?" என்றார். மாணவியிடம் இதைச் சொல்லிவிடாதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் இருவரும் கீழ வீதிப் பக்கம் போய் நின்றபடியே டீ குடித்தோம். சர்க்கரை தூக்கல் என்று குறை சொன்னார். இரவு நோட்டில் எழுதியிருந்ததைப் பார்த்தேன். "டீ 2 - 30 ரூபாய்."

கணக்கில் எங்காவது பிழை இருந்தால் பழைய மாணவர்கள் தாராளமாகத் திருத்தலாம். பெருக்கலை இரண்டு தரம் சரிபார்த்துவிட்டேன். சராசரி விலையில்தான் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும்.