ராவோடு ராவாக ஏன் ஓட்டுகிறீர்கள்?

மண்ணச்சநல்லூரிலும் சுற்றுவட்டாரத்திலும் கார் வைத்திருக்கும் அப்பா அம்மாக்களே, இன்று உங்களிடம் கொஞ்சம் கடிந்துதான் பேசப்போகிறேன். விடுமுறை விட்டால் ஷிர்டி, பண்டரிபுரம் என்று பிள்ளைகளோடு கிளம்புகிறோம். சமயபுரத்தில் வண்டிக்குப் பூசை போட்டு, சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுக்குகிறோம். எல்லாம் சரி, புறப்படுவது மட்டும் ஏன் ராத்திரி ஒன்பது மணிக்கு? “ராவோட ராவா போயிரலாம், டிராபிக் இருக்காது, பிள்ளைங்க தூங்கிரும், ரூம் வாடகையும் மிச்சம்.” இந்தப் பேச்சை இனி விட்டுவிடுங்கள்.

விடியற்காலை இரண்டு மணியிலிருந்து ஐந்து மணிவரை உடம்பு தூக்கத்துக்குக் கெஞ்சும். டீ குடித்தாலும் முகம் கழுவினாலும் அது கேட்காது. கண் திறந்திருக்கும்போதே சில வினாடிகள் நினைவு தப்பும். நூறு கிலோமீட்டர் வேகத்தில் நான்கு வினாடி என்றால் நூறு மீட்டருக்கு மேல். விளக்கில்லாமல் ஓரத்தில் நிற்கும் லாரியில் போய் மோத அது போதும். பின்னால் சீட்டை மடக்கி, மெத்தை விரித்து, பெல்ட் இல்லாமல் பிள்ளைகளைப் படுக்கப்போட்டிருக்கிறோம். 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளையை பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் ஏற்றிச் சென்றால் ஆயிரம் ரூபாய் அபராதம் என்று 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டம் சொல்கிறது. அபராதம் கிடக்கட்டும். பிரேக் அடித்தால் அந்தப் பிள்ளை எங்கே போய் விழும் என்று யோசித்துப் பார்த்தோமா?

இன்னொரு இழப்பும் உண்டு, அது நம் கண்ணில் படுவதே இல்லை. லண்டனில் இருக்கும் உறவுக்காரர்கள் ஐஸ்லாந்தைக் காரில் சுற்றி வந்த வீடியோவை வீடே கூடிப் பார்க்கிறோம். எரிமலை நாட்டை நம் பிள்ளைகள் எப்போது பார்ப்பார்களோ என்று ஏங்குகிறோம். அந்தத் தீவைச் சுற்றும் சாலை சுமார் 1,300 கிலோமீட்டர். நாம் ஷிர்டிக்கு ஒரு பக்கம் ஓட்டும் தூரமும் ஏறக்குறைய அதுதான். பெல்காமைத் தாண்டிவிட்டால் அந்த வழியும் எரிமலைப் பூமிதான்! இன்று மிஞ்சியிருக்கும் தக்காண எரிமலைப் பாறைப் பரப்பு மட்டும் சுமார் 5 லட்சம் சதுர கிலோமீட்டர், ஐஸ்லாந்தைப்போல் ஏறக்குறைய ஐந்து மடங்கு. அதைத்தான் நாம் இருட்டில் கடந்துபோகிறோம்.

சேலம், கிருஷ்ணகிரி, சித்ரதுர்கா வரை நம்மூர் மலைக்கோட்டை மாதிரி உருண்டு திரண்ட பாறைகளே வரும். கோலாப்பூர், சதாரா பக்கம் மலைகளின் தலை வெட்டிவிட்டதுபோல் தட்டையாகிவிடும். சரிவுகள் படிக்கட்டாக இறங்கும். ஒவ்வொரு படியும் ஒரு காலத்து எரிமலைக்குழம்பு. சுமார் 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன், டைனோசர்கள் அழிந்த காலத்தை ஒட்டி, நிலத்தின் நீண்ட பிளவுகள் வழியே குழம்பு பொங்கிப் பரவி, தோசைமேல் தோசையாக அடுக்கியது. அதனால் கூம்பு மலை எங்கே என்று பிள்ளைகள் தேடினால் கிடைக்காது. அன்று அடியில் கொதித்த அந்தச் சூடுதான் இன்று, தமிழ் வம்சாவளியினர் வாழும் ரீயூனியன் தீவின் எரிமலைக்கும் காரணம் என்று புவியியலாளர்கள் பலர் கருதுகிறார்கள்.

பகலில், வண்டியைப் பத்திரமாக ஓரங்கட்ட இடமுள்ள ஓட்டலிலோ பெட்ரோல் பங்கிலோ நிறுத்துங்கள். பின்னால் மலையை வெட்டிய சுவர் இருந்தால் பிள்ளையைக் கூட்டிப்போய்க் காட்டுங்கள். கறுப்புக் கல்லில் பட்டாணி அளவுக்குக் குழிகள் தெரியும். குழம்பிலிருந்து காற்று கொப்பளித்த இடங்கள் அவை. சிலவற்றில் வெள்ளைப் படிகம் அடைத்திருக்கும். இரண்டு கறுப்பு அடுக்குகளுக்கு நடுவே செங்கல் நிறத்தில் ஒரு பட்டை ஓடினால் விடாதீர்கள். ஒரு குழம்பு ஆறி, மேலே மண்ணாகி, அதன்மேல் அடுத்த குழம்பு வந்து மூடியதன் தடம் அது. பத்து வயசுப் பிள்ளைக்கு இது நன்றாகவே புரியும். நாம்தான் கையில் செல்போனைக் கொடுத்து, தலையைக் குனிய வைத்துவிடுகிறோம்.

இதைவிட எனக்கு ஆற்றாமை எல்லோராவில்தான். கிருஷ்ணேஸ்வரர் ஜோதிர்லிங்க தரிசனத்துக்கு நம் ஆட்கள் வேன் வேனாக வருகிறார்கள். கூப்பிடு தூரத்தில் கைலாசநாதர் கோயில் இருக்கிறது. எட்டாம் நூற்றாண்டில் ராஷ்டிரகூட மன்னன் முதலாம் கிருஷ்ணன் காலத்தில், அதே எரிமலைப் பாறையை மேலிருந்து கீழாக வெட்டி இறக்கி எடுத்த கோயில். “டைம் இல்ல, ராத்திரிக்குள்ள திரும்பணும்” என்று வாசலோடு திரும்பிவிடுகிறோம்.

வரும் அரையாண்டு விடுமுறைக்கு இப்படிச் செய்யுங்கள். கிளம்பும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மலைக்கோட்டைக்குப் போய், மகேந்திரவர்மன் குடைந்த குகையைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். பாறையில் தெரியும் மணிமணியான படிகங்களைத் தொட்டுப் பார்க்கட்டும். எல்லோராவின் கறுப்புக் கல்லில் அப்படிக் கண்ணுக்குத் தெரியாது. ஆழத்தில் மெல்ல ஆறிய கல்லுக்கும் மேலே வந்து சட்டென ஆறிய கல்லுக்கும் உள்ள வித்தியாசம் அது. காலை ஆறு மணிக்குக் கிளம்பி, இருட்டும் முன் ரூம் போட்டுவிடுங்கள். போக மூன்று நாள், வர மூன்று நாள் ஆகும், ஆகட்டும். அத்தனை நாள் லீவு கிடைக்காவிட்டால் ரயிலில் போய் அங்கே வண்டி பிடியுங்கள். எல்லோரா செவ்வாய்க்கிழமையும், அஜந்தா திங்கட்கிழமையும் மூடியிருக்கும். அதைப் பார்த்துத் தேதி குறியுங்கள். மே மாத வெயிலில் அந்தப் பக்கம் பிள்ளைகளைக் கூட்டிப்போக வேண்டாம்.