தேவாங்கும் முகமில்லாத ஒரு பாசியும்

ஒல்லியா ஒருத்தன் கண்ணை உருட்டிக்கிட்டு நின்னா, "ஏன்டா தேவாங்கு மாதிரி முழிக்கிற?"ன்னு கேக்குறது நம்ம வழக்கம். கேக்குறவங்கள்ல எத்தனை பேர் தேவாங்கைப் பார்த்திருப்பாங்களோ தெரியலை :-)

கால் கிலோ அளவுக்குத்தான் இருக்கும். குட்டிக் குரங்குன்னு சொல்றோம். சரியாச் சொன்னா குரங்குக்குத் தூரத்துச் சொந்தம். ராத்திரியில மெதுவா கிளை கிளையா நகர்ந்து பூச்சி பிடிச்சுத் தின்னும்.

இதோட நான் ஒப்பிடப்போறது ஸ்பேக்னம்ங்கிற பாசியை. என்னடா சம்பந்தம்னு சிரிக்காதீங்க. பெரும்பாலும் குளிர் நாட்டுச் சதுப்புகள்ல வளருது. வேரே கிடையாது. செத்த செல்களுக்குள்ள தண்ணியைச் சேர்த்து வைக்கும், காய்ஞ்ச எடையைப் போல சுமார் 20 மடங்கு! முழுசா மக்காம அடுக்கடுக்கா படியும். ஒரு மீட்டர் சேர ஏறக்குறைய 1,000 வருஷம். உலக நிலப்பரப்புல சுமார் 3 சதவீதமே இருக்கிற இந்த மாதிரி நிலங்கள், எல்லாக் காடுகளையும் விட அதிகக் கார்பனைப் பிடிச்சு வச்சிருக்கு.

ரெண்டும் ரொம்ப மெதுவு. அதனாலயே பிடுங்குறவனுக்குச் சுலபம். தேவாங்கை மாந்திரீகம், மருந்துன்னு பிடிச்சாங்க. பாசிப் படிவைத் தோண்டி, மூட்டை கட்டி, பூந்தொட்டிக்கு விக்கிறாங்க.

ஆனா தேவாங்குக்குப் பெரிய கண்ணு இருக்கு, பார்த்தா பாவமா இருக்கு. 1972 வனவிலங்குச் சட்டம் அதைக் காக்குது. 2022ல கரூர், திண்டுக்கல் மாவட்டங்கள்ல 11,806 ஹெக்டேர்ல கடவூர் தேவாங்கு சரணாலயம் வந்துச்சு. ரொம்பச் சந்தோஷம். பாசிக்கு முகம் இல்லை, அதுக்காக உருகுறவங்களும் கம்மி. இது நியாயமில்லைங்கிறதுதான் என் கருத்து.

அருப்புக்கோட்டை, திருச்சுழிக்காரங்களுக்கு இதுல என்ன? மழையை நம்பி விதைக்கிற நம்ம பக்கம் ஈரத்தைப் பிடிச்சு வைக்கிறது கரிசல் மண்ணும் கண்மாய்க் கரம்பையும்தான். பாசி அங்க செய்யுற வேலையை இங்க மண்ணு செய்யுது. அதுக்கும் முகம் இல்லை. விவசாயி கரம்பை அள்ளி வயல்ல போட்டா கண்மாயும் ஆழமாகும், வயலும் தேறும். அதே மேல்மண்ணைச் சூளைக்கு லாரி லாரியா அள்ளினா அடுத்த தலைமுறைக்கு என்ன மிஞ்சும்?

ஒண்ணு பண்ணலாம். தொட்டிக்கு வாங்கும்போது மூட்டையில 'பீட் மாஸ்'னு இருந்தா வச்சிட்டு வந்துடுங்க. தென்னை நார்க்கழிவும் மக்கின சாணி எருவும் போதும், செடி நல்லாவே வரும். மேல்மண் லாரியில போறதைப் பார்த்தா, எங்க போகுதுன்னு ஒரு வார்த்தை கேளுங்க.