போய் வந்தவர்கள் ஏன் வாய் திறப்பதில்லை?

டுஷேன் தசைச்சிதைவு நோய் உள்ள பையனை வளர்க்கும் அப்பா அம்மாக்களுக்கு இதை எழுதுகிறேன். நானும் அப்படி ஒரு தாய்தான். கொஞ்சம் கோபமாகவே எழுதுகிறேன்.

உள்ளூர் நரம்பியல் டாக்டர் "இதை முழுசாகக் குணப்படுத்த மருந்து இல்லை, தள்ளிப்போடலாம்" என்று உள்ளதைச் சொன்னால், அவருக்கு ஒன்றும் தெரியாது என்கிறீர்கள். முகம் தெரியாத ஏஜென்ட் வாட்ஸப்பில் வெளிநாட்டு ஸ்டெம் செல் பேக்கேஜ் என்று விலை சொன்னால், அன்று மாலையே நிலப் பத்திரத்தைத் தேடுகிறீர்கள். நாலு கிராம் தங்கம் வாங்க நாலு கடை ஏறி இறங்குகிறவர்கள்தானே நாம்? யாருடைய செல், உடம்பில் எங்கே செலுத்துவார்கள், மயக்க மருந்து கொடுப்பார்களா, ஏதாவது ஆனால் யார் பொறுப்பு என்று ஒரு கேள்வியாவது கேட்டீர்களா?

மயக்க மருந்தைப் பற்றி மட்டுமாவது கேளுங்கள். சக்சினைல்கோலின் என்ற தசைத்தளர்த்தி ஊசியும், மூச்சு வழியாகக் கொடுக்கும் மயக்க வாயுக்களும் நம் பிள்ளைகளுக்கு ஆகாதவை. தசை உடைந்து, ரத்தத்தில் பொட்டாசியம் எகிறி, இதயமே நின்றுபோகலாம். தினமும் கொடுத்துவரும் ஸ்டீராய்டை அங்கே போவதற்காகச் சட்டென்று நிறுத்திவிட்ட வீடுகளும் உண்டு. அதுவும் உயிருக்கு ஆபத்துதான். பையன் இரண்டு மூன்று வருஷம் கூடுதலாகத் தன் காலில் நடப்பதே அந்த மாத்திரையால்தான்.

"அந்த வீடியோவில் பையன் படி ஏறுகிறானே?" என்பீர்கள். ஏறுவான். இந்த நோயுள்ள பிள்ளைகள் ஏறக்குறைய ஏழு வயது வரைக்கும் எந்தச் சிகிச்சையும் இல்லாமலேகூட நடையில் கொஞ்சம் முன்னேறுவார்கள். தசை சிதைவதைவிட வளர்ச்சி வேகமாக இருக்கும் வயது அது. ஐந்து வயதுப் பையனுக்கு ஊசி போட்டு, தினமும் பிசியோதெரபியும் கொடுத்து, ஒரு மாதத்தில் வீடியோ எடுத்தால் நன்றாகத்தான் இருக்கும். அதே பையனை ஒன்பது வயதில் எடுத்த வீடியோவை எந்த கிளினிக்காவது காட்டுகிறதா?

போனால் போகட்டும், கெடுதல் ஒன்றும் இல்லையே என்கிறவர்களுக்கு இரண்டு சம்பவங்கள். வேறொரு மரபணு நோயுள்ள இஸ்ரேலியச் சிறுவனுக்கு, 2001 தொடங்கி மாஸ்கோவில் கருவிலிருந்து எடுத்த நரம்பு ஸ்டெம் செல்களை மூளையிலும் தண்டுவடத் திரவத்திலும் செலுத்தினார்கள். சில ஆண்டுகளில் மூளையிலும் தண்டுவடத்திலும் கட்டி வந்தது. அந்தக் கட்டி அவனுடைய செல்களால் ஆனதல்ல, வெளியே இருந்து செலுத்திய செல்களிலிருந்து வளர்ந்தது என்று 2009இல் மருத்துவ இதழிலேயே வெளிவந்தது. ஜெர்மனியில் 2010இல், மூளைக்குள் ஸ்டெம் செல் ஊசி போட்ட பிறகு ஒன்றரை வயதுக் குழந்தை இறந்தது. அடுத்த வருஷம் அந்த கிளினிக்கை மூடினார்கள். ஜெர்மனி என்ற பேரைக் கேட்டாலே நமக்கு ஒரு நம்பிக்கை வருகிறதல்லவா, அதனால்தான் சொல்கிறேன்.

வெளிநாடே கூடாது என்று நான் சொல்லவில்லை. எலிவிடிஸ் என்ற மரபணு சிகிச்சைக்கு அமெரிக்கா 2023 ஜூனில், நாலைந்து வயதுப் பிள்ளைகளுக்கு மட்டும், ஒப்புதல் கொடுத்தது. அப்போது விலை 32 லட்சம் டாலர். பிறகு வயது வரம்பைத் தளர்த்தினார்கள். 2025இல், நடக்க முடியாத இரண்டு சிறுவர்கள் இதை எடுத்த பின் கல்லீரல் செயலிழந்து இறந்தார்கள். இப்போது நடக்கிற பிள்ளைகளுக்கு மட்டும்தான். அதை ஏற்றிச்செல்லும் வைரஸுக்கு எதிரான ஆன்டிபாடி ஏற்கெனவே உடம்பில் அதிகமாக இருந்தால் அதுவும் கிடையாது. ஐரோப்பாவின் மருந்து ஒழுங்குமுறை அமைப்பு 2025இல் ஒப்புதல் தர வேண்டாம் என்று பரிந்துரைத்தது. ஊரெல்லாம் நிதி திரட்டும் முன், உங்கள் பையனுக்கு இது பொருந்துமா என்று ஆன்டிபாடி பரிசோதனை செய்துபார்க்க வேண்டாமா? வேறு எந்தச் சிகிச்சையானாலும், ஆராய்ச்சி என்று சொல்லிக்கொண்டே மருந்துக்குப் பணம் கேட்கிற இடமாக இருந்தால், எழுந்து வந்துவிடுங்கள்.

இங்கே செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டிருக்கிறோம் என்பதுதான் எனக்கு ஆத்திரம். வருஷா வருஷம் இதயத்துக்கு எக்கோ எடுத்தீர்களா? இரவில் மூச்சு எப்படி இருக்கிறது என்று பார்த்தீர்களா? தாய்க்கு மரபணுப் பரிசோதனை செய்தீர்களா? மூன்றில் இரண்டு பங்குத் தாய்மார்களிடம் இந்தக் குறை மறைந்திருக்கிறது; சித்தியும் அக்காவும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது. தாயைக் குற்றம் சொல்வதற்கு அல்ல. (மாமியார் காதில் எப்படி விழும் என்பது எனக்கும் தெரியும்.)

கடைசியாக, போய் வந்தவர்களே, உங்களிடம்தான் அதிகக் கோபம். புறப்படும்போது நம் பெற்றோர் வாட்ஸப் குரூப்பில் அத்தனை பேரிடமும் ஆசி கேட்டீர்கள். விமான நிலையத்தில் எடுத்த படம் வந்தது. ஒரு வருஷம் கழித்து "எப்படி இருக்கிறான்?" என்று கேட்டால் பதில் இல்லை. வீட்டை விற்ற வெட்கம், ஏமாந்தோம் என்று சொல்ல நா எழாத வேதனை, எல்லாம் புரிகிறது. ஆனால் நீங்கள் பேசாமல் இருப்பதைத்தான் அந்த ஏஜென்ட் விற்றுக்கொண்டிருக்கிறார். இதோ இந்த வாரம் இன்னொரு குடும்பம் முன்பணம் கட்டப்போகிறது. எவ்வளவு கொடுத்தீர்கள், என்ன ஊசி போட்டார்கள், பையன் இப்போது எப்படி இருக்கிறான்: இந்த மூன்றையும் அவர்களிடம் சொல்லிவிடுங்கள்.