வீடியோ பயாஸ் இன்டெல்லுக்கு மட்டுமா?

கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் திரையில் எழுத்து வருகிறதே, அதற்கு உதவுவது கிராபிக்ஸ் கார்டின் ரோமில் இருக்கும் வீடியோ பயாஸ். பல வருடங்களாக அதை இன்டெல் வகையான எக்ஸ்86 ப்ராசசருக்கு மட்டுமே எழுதி வந்தார்கள்.

சென்னை ஐஐடியின் சக்தி ப்ராசசர் ரிஸ்க்-ஃபைவ் வகை. 2018-ல் அதில் லினக்ஸ் ஓடியது, பலரும் கைதட்டினார்கள். சரி, நாளை அந்த வகை போர்டில் ஒருவர் புதுக்கோட்டைக் கடையில் வாங்கிய பழைய கார்டைச் செருகினால்? ரோமில் உள்ள கட்டளை ப்ராசசருக்குப் புரியாது. எக்ஸ்86எமு என்ற எமுலேட்டரை நடுவில் வைத்து ஓட்டலாம்தான். எக்ஸ்ஃப்ரீ86 அப்படித்தான் சமாளித்தது. ஆனால் அது ஒட்டுப்போட்ட வேலை.

ஏடிஐயின் ஆட்டம்பயாஸ் முறைதான் நியாயமானது. எந்த ப்ராசசரையும் சாராத கட்டளைகள் ரோமில் அட்டவணையாக இருக்கும். லினக்ஸ் கெர்னலின் ரேடியான் டிரைவர் அவற்றைப் படித்து கார்டை எழுப்பிவிடும். டிரைவர் வரும்வரை திரை கறுப்பாக இருக்கும். இருந்துவிட்டுப் போகட்டுமே!