48 மணி நேரத்தில் உயிரைக் காப்பாத்தியாச்சு... அடுத்த 40 வருஷம்?

கம்மாபுரம் ஒன்றியத் தோழர்களே, இதைப் படிக்கிற மற்ற ஊர் உறவுகளே!

உங்க தெருவிலும் இப்படி ஒருத்தர் இருக்கலாம். பைக்கிலிருந்து விழுந்து மண்டையில் அடி. ஆஸ்பத்திரியில் பொழைச்சு வந்துட்டார். கை கால் நல்லா இருக்கு. ஆனா வேலைக்குப் போறதில்லை. பொசுக்குனு கோபம் வருது. காலையில் சொன்னது சாயங்காலம் ஞாபகம் இல்லை. ஊர் என்ன சொல்லுது? "நல்லாத்தானே இருக்கான், சோம்பேறி ஆயிட்டான்!"

சோம்பேறித்தனம் இல்லைங்க அது. மூளைக்காயம்.

நெற்றிக்குப் பின்னால் இருக்கிற முன்மூளைதான் ஒரு வேலையைத் தொடங்கவும், வரிசையாகச் செய்யவும், கோபத்தை அடக்கவும் உதவுகிறது. விருத்தாசலம் பீங்கான் பட்டறையில் பொம்மை செய்யும் ஒருவரை நினைத்துப் பாருங்கள். கூழை அச்சில் ஊற்றணும், இறுகும்வரை காத்திருக்கணும், எடுத்துக் காயவைக்கணும், பூச்சு கொடுக்கணும், சூளையில் அடுக்கணும். காயத்துக்குப் பிறகும் கைக்கு வேலை தெரியும். ஆனா எதற்குப் பின் எது என்ற வரிசை தவறிப்போகும். முதலாளிக்கு அது அலட்சியமாகத் தெரியும். வேலை போய்விடும்.

2022-ல் மட்டும் தமிழ்நாட்டில் 64,105 சாலை விபத்துகள். 17,884 உயிர்கள் போயின. செத்தவர்களைக் கணக்கெடுக்கிறோம். தலையில் அடிபட்டுப் பிழைத்தவர்கள் அதற்குப் பிறகு எப்படி வாழ்கிறார்கள் என்று யார் கேட்கிறோம்?

நல்லதை நல்லது என்றே சொல்வோம். 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், விபத்தில் சிக்கியவர் எந்த மாநிலத்தவராக இருந்தாலும் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். அதே ஆண்டு ஆகஸ்டில் வந்த 'மக்களைத் தேடி மருத்துவம்' வீட்டு வாசலுக்கே இயன்முறைச் சிகிச்சையைக் கொண்டுவந்தது. ஆனா கால் நடக்கப் பழக்குவது ஒன்று, நினைவையும் நிதானத்தையும் பழக்குவது வேறொன்று. அந்த இரண்டாவதுதான் கிராமத்துக்கு இன்னும் வந்து சேரவில்லை.

சட்டத்திலும் ஒரு ஓட்டை. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. பார்கின்சன் நோய் அதில் இருக்கிறது. மூளைக்காயம் என்று தனிப் பெயர் இல்லை. கை கால் விழுந்தாலோ பேச்சு போனாலோ அதற்கு இடம் உண்டு. நினைவும் நிதானமும் போனால்? மனநோய் என்ற பிரிவில்தான் பொருத்திப் பார்க்கணும். அந்தப் பெயருக்குக் கூச்சப்பட்டே சான்றிதழ் வேண்டாம் என்று ஒதுங்கும் குடும்பங்கள் உண்டு. சான்றிதழ் இல்லையென்றால் உதவித்தொகையும் இல்லை.

இன்னொன்றும் பாருங்க. பணியில் இருக்கும்போது மாற்றுத்திறனாளி ஆகிற அரசு ஊழியரை வேலையை விட்டு அனுப்பக் கூடாது என்று அதே சட்டத்தின் 20-வது பிரிவு சொல்கிறது. தனியார் பட்டறைத் தொழிலாளிக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது.

"ஆறு மாசம் ஆச்சு, இனிமே அவ்வளவுதான்" என்று கைவிடாதீர்கள். முதல் மாதங்களில் முன்னேற்றம் வேகமாக இருக்கும், பிறகு மெதுவாகும். ஆனா பல வருஷம் தொடரும். 1848-ல் அமெரிக்க ரயில்பாதை வேலையில் பினியாஸ் கேஜ் என்ற தொழிலாளியின் மண்டையை இரும்புக் கம்பி துளைத்துக்கொண்டு போனது. ஆளே மாறிவிட்டார் என்றார் மருத்துவர். அதே கேஜ் பின்னாளில் சிலி நாட்டில் பல வருஷம் குதிரை வண்டி ஓட்டினார். தினமும் ஒரே நேரம், ஒரே வேலை என்ற ஒழுங்குதான் அவரைத் தேற்றியிருக்கும் என்று ஆராய்ச்சியாளர்கள் கருதுகிறார்கள்.

இழப்பீடு விஷயத்திலும் ஏமாறாதீர்கள். உடல் ஊன சதவீதமும் வருமான இழப்பு சதவீதமும் ஒன்றல்ல என்று உச்ச நீதிமன்றம் 2010-லேயே தெளிவாகச் சொல்லிவிட்டது. ஒரு கை போனால் தச்சருக்குப் பிழைப்பே போய்விடும், அரசு அலுவலக எழுத்தருக்கு அப்படியில்லை. மூளைக்காயத்துக்கும் அதே நியாயம்தானே?

நாம் கேட்க வேண்டியது மூன்று:

1. மூளைக்காயத்தை மாற்றுத்திறனாளிகள் பட்டியலில் பெயர் சொல்லிச் சேர்க்க வேண்டும்.
2. விருத்தாசலம் போன்ற வட்டத் தலைநகர அரசு மருத்துவமனைகளில் நினைவு, பேச்சு, அன்றாட வேலைகளுக்கான மறுவாழ்வுப் பயிற்சி வேண்டும்.
3. திரும்ப வேலைக்கு எடுக்கும் சிறு பட்டறைகளுக்கு அரசு உதவித்தொகை வேண்டும்.

கேட்பது கட்சியின் வேலை. செய்வது கிளையின் வேலை. உங்க கிளை எல்லையில் தலைக்காயத்திலிருந்து மீண்டவர் வீட்டுக்கு இந்த வாரம் போங்க. கூட்டமா போகாதீங்க, ரெண்டு பேர் போதும். சத்தமும் நெரிசலும் அவங்களைச் சோர்வாக்கும். சான்றிதழ் இருக்கா, இழப்பீட்டு மனு போட்டாச்சா என்று கேளுங்க. மனுவுக்கு 6 மாதம் என்று சட்டம் கெடு வைத்திருக்கிறது, தள்ளிப்போட வேண்டாம். மருத்துவமனைக்குப் போக நாள் குறித்துக் கூடவே போங்க.

அந்த வீட்டு அம்மாவிடமோ மனைவியிடமோ, "நீங்க எத்தனை நாளா சரியாத் தூங்கலை?" என்றும் ஒரு வார்த்தை கேளுங்க. இத்தனை வருஷமா அந்தப் பாரத்தைச் சம்பளமே இல்லாமல் சுமப்பது அவங்கதான்.

#மூளைக்காயம்_மறுவாழ்வு
#கம்மாபுரம்